கோலாலம்பூரில் கிறிஸ்தவராகத் தொழில் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பிரதர்களும் சிஸ்டர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவானவை. உங்கள் விவகாரம் சிக்கலானது என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைக்கு வேதாகமப் பெயர் வைத்தால்தான் கிறிஸ்தவத் தொழிலா?

இல்லை. எபெனேசர், பெத்தேல், ஷாலோம் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) வணிகப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான். ஆனால் சரக்குக்காரருக்கு ஆறு மாதம் பாக்கி வைத்துவிட்டுப் பெயர்ப்பலகையில் வசனம் எழுதினால், பாக்கி கேட்டு வருபவர் அந்த வசனத்தையும் சேர்த்துத்தான் திட்டுவார்.

அப்படியென்றால் எதிலிருந்து தொடங்குவது?

சம்பளத்திலிருந்து. கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24:15. அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. யாக்கோபு 5:4 இன்னும் காட்டமானது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார்.

மலேசியச் சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒரே ஒரு ஆளை வைத்து நடத்தும் கடைக்கும் அது பொருந்தும். 2023 ஜனவரியிலிருந்து வார வேலை 45 மணி நேரம்தான். மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் வாங்குபவர் அதற்கு மேல் வேலை செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும்.

நம் உணவகங்களில் நடப்பது வேறு. காலை 7 மணிக்கு வரும் மாஸ்டர் இரவு 9 மணிக்குத்தான் கிளம்புகிறார். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 84 மணி நேரம். "சாப்பாடு போடுகிறேன், தங்க இடம் கொடுத்திருக்கிறேன், அவரே ஒத்துக்கொண்டுதானே வந்தார்" என்பார் முதலாளி. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் எழுதிய சுற்றுமடல் இந்தச் சாக்கை அப்போதே மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், அந்த ஒப்புதல் அதை நியாயம் ஆக்கிவிடாது.

மாதக் கடைசியில் பணம் பற்றவில்லை என்றால் யாருக்கு முதலில் தருவது என்று கேட்பார்கள். என் வரிசை இது: சம்பளம், அப்புறம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), அப்புறம் சரக்குக்காரர், வாடகை, எல்லாம் போக மீதி இருந்தால் முதலாளி. இந்த வரிசை தலைகீழாக இருக்கும் கடைகளின் கணக்குப் புத்தகங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றின் முதலாளிகள் சபையில் முதல் வரிசையில் உட்காருபவர்கள்.

ஊழியர்களே "இபிஎஃப் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்களே?

கேட்பார்கள். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளி வேன் காசும் அவர்கள் கழுத்தை நெரிக்கும்போது, சேமநிதியை எடுக்கும் 55 வயது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11 விழுக்காடு. 1,700 ரிங்கிட் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 221, அவர் பங்கு 187. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் 187 ரிங்கிட்டைப் பிடித்துக்கொண்டு அதைக் கட்டாமல் சரக்கு வாங்குவது. "அடுத்த மாதம் கட்டிவிடலாம்" என்று தொடங்கி ஒரு வருடம் ஓடிவிடும். சட்டப்படி சிறை வரை போகக்கூடிய குற்றம் இது. என்னைக் கேட்டால் நேரடித் திருட்டு. தொழிலாளிக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், கைப்பேசியில் கணக்கைத் திறந்தால் எந்த மாதம் காசு ஏறவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு தந்திரம், ஆளைக் "காண்ட்ராக்ட்" என்று எழுதிவிடுவது. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள் என்றால், 2023-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைவாய்ப்புச் சட்டம் அவரை உங்கள் ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளும். பேப்பரில் எழுதிய பெயர் காப்பாற்றாது.

ஏற்கெனவே பாக்கி விழுந்திருந்தால் இபிஎஃப் அலுவலகத்துக்கு நீங்களே போய்த் தவணை கேளுங்கள். சகேயு தான் ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் (லூக்கா 19:8). இங்கே அசலும் தாமதத்துக்கான தொகையும்தான் கேட்பார்கள்.

தசமபாகம் விற்பனையிலா, லாபத்திலா?

லாபத்தில். விற்பனையில் பத்தில் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலான மளிகைக் கடைகள் மூன்றே மாதத்தில் மூடிவிடும், லாப விகிதமே பத்து விழுக்காட்டைத் தொடாது.

அதற்கு முன் உங்கள் தொழில் எந்த வகை என்று பாருங்கள். தனிநபர் எண்டர்பிரைஸ் என்றால் லாபம் உங்களுடையது, உங்கள் இஷ்டம். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள். அதன் பணத்தை நீங்கள் காணிக்கைப் பையில் போட முடியாது. உங்கள் சம்பளத்திலோ டிவிடெண்டிலோ கொடுங்கள். கம்பெனியே கொடுக்க வேண்டும் என்றால் இயக்குநர்கள் தீர்மானம் போட்டு, கணக்கில் நன்கொடை என்று காட்ட வேண்டும். பங்குதாரர் இந்துவாகவோ பௌத்தராகவோ இருந்தால் இது இன்னும் முக்கியம். அவர் பணத்தில் நீங்கள் தசமபாகம் கொடுக்க முடியாது.

வரிக்கழிவு தானாகக் கிடைக்காது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். ரசீதில் அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பள பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கை கொடுக்கலாமா என்று யாரும் என்னிடம் நேராகக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கூடாது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்குக் காணிக்கையாக்கி நழுவியவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு எப்படிப் பேசினார் என்று வாசித்துப் பாருங்கள்.

எல்லாரும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் உண்மையைக் காட்டினால் பிழைக்க முடியுமா?

எல்லாரும் வைத்திருப்பதில்லை. நான் எழுதும் கணக்குகளில் ஒன்றுதான் இருக்கும், இரண்டாவது வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ரொக்கம் வாங்கி ரசீது போடாமல் விடும் வழக்கம் நாளுக்கு நாள் கஷ்டமாகிறது. வாடிக்கையாளர் இப்போது கியூஆர் காட்டச் சொல்கிறார், பணம் வங்கியில் தடம் விட்டுத்தான் வருகிறது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய மின்-விலைப்பட்டியல் முறையும் படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

உண்மையான கணக்குக்கு ஒரு லாபமும் உண்டு. வங்கிக் கடன் கேட்கப் போகும்போது "உண்மையில் இதைவிட அதிகம் சம்பாதிக்கிறேன்" என்று சொல்லி எந்த அதிகாரியையும் நம்பவைக்க முடியாது. வரிக்குக் காட்டிய வருமானத்துக்குத்தான் கடன். இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்ன வசனத்தை இந்த லாபத்துக்காகப் பின்பற்றச் சொல்லவில்லை, அது தனி. ஆனால் கடைக்காரர்கள் மனசு மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தராசு?

நீதிமொழிகள் 11:1. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். நகைக்கடை, இறைச்சிக்கடை, பலகாரக்கடை எல்லாவற்றுக்கும் இது உண்டு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

லைசென்ஸுக்குக் கோப்பிக் காசு (லஞ்சம்) கேட்டால்?

கொடுக்காதீர்கள். பரிதானம் பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23:8. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவரும் குற்றவாளி, கொடுப்பவரும் குற்றவாளி. ஒருவர் கேட்டதைப் புகார் செய்யாமல் விடுவதுகூடக் குற்றம்தான். 2020 ஜூன் 1 முதல் 17ஏ பிரிவும் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனியின் நலனுக்காக உங்கள் ஊழியரோ ஏஜெண்டோ லஞ்சம் கொடுத்தாலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். அபராதம் லஞ்சத் தொகையின் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது.

நடைமுறையில் ஆபத்து "ரன்னர்" வழியாக, அதாவது லைசென்ஸ் வேலையை முடித்துத் தரும் இடைத்தரகர் வழியாக வருகிறது. அவர் ஒரு தொகை சொல்வார், அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு, மீதி எங்கே போகிறது என்று சொல்ல மாட்டார். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் வேறு ரன்னர். அப்புறம், விண்ணப்பத்தைக் கடைசி வாரத்தில் கொண்டுபோகாதீர்கள். அவசரத்தில் இருப்பவரிடம்தான் காசு கேட்பார்கள். முன்னதாகவே போட்டுப் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு, தாமதமானால் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்கும் ஆளிடம் வாயால் காசு கேட்கப் பலரும் தயங்குவார்கள்.

தாமதத்தால் நஷ்டம் வரலாம். வரும். அதை நான் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா?

சபைக்குச் சபை நிலைப்பாடு மாறும். உணவகக்காரருக்கு ஞாயிறு மதியம்தான் வாரத்தின் பெரிய வியாபாரம். கத்தோலிக்கர் சனி மாலைத் திருப்பலிக்குப் போய்விட்டு ஞாயிறு கடை திறப்பதுண்டு. சிலர் ஆராதனை முடித்து மதியம் திறக்கிறார்கள். இன்னும் சிலர் மூடியே வைக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உபாகமம் 5:14 ஓய்வுநாளை முதலாளிக்கு மட்டும் தரவில்லை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. நீங்கள் கோட் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போக, உங்கள் இந்து ஊழியர் ஏழாவது நாளாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வசனம் நிறைவேறவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு சட்டமும்கூட. எந்த நாள் என்பதை அவரிடம் கேட்டு முறை போடுங்கள்.

பூக்கடை வைத்திருக்கிறேன். கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கலாமா? கற்பூரம், குங்குமம் விற்கலாமா?

பிரிக்பீல்ட்ஸில் இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் இன்னும் அதிகம். அச்சகக்காரர் திருவிழா அழைப்பிதழ் அடிக்கலாமா என்பதும் இதே கேள்விதான்.

கூடாது என்பவர்கள் அப்போஸ்தலர் 19-இல் வரும் தெமேத்திரியுவைக் காட்டுவார்கள். தியானாள் கோயில் உருவங்களை வெள்ளியில் செய்து பிழைத்தவர், பவுலுக்கு எதிராக ஊரையே கிளப்பிவிட்டவர். ஆனால் அவர் கிறிஸ்தவர் இல்லை, அந்தக் கதையும் வேறு எதைப் பற்றியோ. எனக்கு 1 கொரிந்தியர் 8-உம் 10-உம் நெருக்கமாகத் தெரிகின்றன. கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், மனச்சாட்சிக்காக விசாரிக்க வேண்டாம் என்கிறார் பவுல். பலவீனமான மனச்சாட்சியுள்ள சகோதரன் இடறுவான் என்றால் விட்டுவிடவும் சொல்கிறார். இரண்டும் சேர்ந்ததுதான் அவர் பதில்.

என் கருத்து: பூ பூதான். வாங்கியவர் அதைச் சாமிக்குப் போடுகிறாரா, கல்யாணத்துக்கு வைக்கிறாரா என்பது அவர் விஷயம். அடுத்த வீட்டுக்காரரின் விழாவுக்கு நல்ல மாலை நியாயமான விலையில் கட்டிக் கொடுப்பதில் விசுவாசம் கெட்டுப்போவதாக நான் நினைக்கவில்லை. விக்கிரகம் செய்து விற்பதை நான் செய்ய மாட்டேன். உங்கள் மனசு கற்பூரத்திலேயே உறுத்தினால் அதை விற்காதீர்கள், ஆனால் விற்கும் பக்கத்துக் கடை சிஸ்டரை நியாயம் தீர்க்கவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். தைப்பூசத்துக்கு விலையை இரண்டு மடங்காக்கி விற்றுவிட்டு, "அது என் சாமி இல்லை, அதனால் பரவாயில்லை" என்று மனசைத் தேற்றிக்கொள்வது.

ஊழியர்கள் ஆயுத பூஜை கேட்கிறார்கள். காலையில் நாங்கள் ஜெபம் வைக்கலாமா?

ஜெபம் வைக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தாமல். வேலை தொடங்கும் நேரத்துக்கு முன் வையுங்கள், வராதவர் பெயரை மனசில் குறித்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் கொடுக்கும் கை கூப்பிடும்போது யாருக்கும் "வரவில்லை" என்று சொல்வது சுலபமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

முஸ்லிம் ஊழியர் இருந்தால் கூடுதல் கவனம். முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு. அவரை ஜெபத்துக்கு அழைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் விடுங்கள்.

ஆயுத பூஜைக்கு நான் பார்த்த நல்ல ஏற்பாடு இது: முதலாளி பூஜையில் கலந்துகொள்ளவில்லை, ஆனால் அன்று மதியத்துக்கு மேல் சம்பளத்தோடு லீவு விட்டார். பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் முகம் சுளிக்கவும் இல்லை.

ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதென்றால், உணவு தயாரிக்கும் இடத்தில் எந்தச் சமயத்தின் வழிபாட்டுப் பொருளும் இருக்கக் கூடாது. சிலுவையும் அதில் அடங்கும். அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

சபையார் டிஸ்கவுண்ட் கேட்கிறார்கள், கடன் சொல்கிறார்கள்.

"பிரதர் விலை" என்று ஒன்று இருக்கிறது, தெரியும். கொடுக்க முடிந்தால் சந்தோஷமாகக் கொடுங்கள், முடியாவிட்டால் சிரித்துக்கொண்டே பில் போடுங்கள். ஞானஸ்நான விருந்துக்குக் கேட்டரிங் செய்தவருக்கு நான்கு மாதம் காசு கொடுக்காதவர்களும் விசுவாசிகள்தான். கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைச் சங்கீதம் 37:21 துன்மார்க்கன் என்கிறது. அது வாடிக்கையாளருக்கும் பொருந்தும்.

வசூலிக்க மத்தேயு 18:15 வழி காட்டுகிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் பிறகுதான் சபை. சபை வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவது அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நீதிமொழிகள் 6, 11, 22 என்று மூன்று அதிகாரங்கள் இதை எச்சரிக்கின்றன. உதவ நினைத்தால் முடிந்ததைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

விசுவாசியோடு கூட்டு சேர்ந்தால் ஒப்பந்தம் வேண்டுமா?

அவரோடுதான் கட்டாயம் வேண்டும். அன்பில் எழுதாமல் விட்ட ஒப்பந்தங்கள்தான் பிறகு சபையையே இரண்டாக்குகின்றன. யார் எவ்வளவு போட்டார்கள், ஒருவர் விலகினாலோ இறந்தாலோ என்ன என்று எழுதி, முத்திரை வரி கட்டிவிடுங்கள்.

முதலுக்குப் பணம் எங்கே வாங்குவது?

ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவரிடம் இல்லை. 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்றவர் அடமானத்தோடு ஆண்டுக்கு 12, அடமானம் இல்லாமல் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. மாதத்துக்குப் பத்து விழுக்காடு கேட்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். கூட்டுச் சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அதை ஜெபக்கூட்டத்தில் ஆரம்பித்தாலும் சரி.

சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தால் ஏகேபிகே-யில் (கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பு) ஆலோசனை இலவசம்.

வெளிநாட்டு ஊழியரின் பாஸ்போர்ட்டை நான் வைத்துக்கொள்ளலாமா? ஓடிவிட்டால்?

வைத்துக்கொள்ளக் கூடாது. 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். நம் தாத்தாக்கள் எப்படி இந்த நாட்டுக்கு வந்து எப்படி நடத்தப்பட்டார்கள் என்று நமக்குத் தெரியும், இதற்கு வசனம் தேட வேண்டியதில்லை.

ஜெபித்தேன், கொடுத்தேன், உண்மையாக நடந்தேன். ஆனாலும் கடை நஷ்டத்தில் ஓடுகிறது. எங்கே தவறினேன்?

தவறியிருக்க வேண்டும் என்றே அவசியமில்லை. விதை விதைத்தால் வியாபாரம் நூறு மடங்காகும் என்று மேடையில் சொல்பவர்கள் ஆபகூக் 3:17-ஐ வாசிப்பதில்லை. அத்திமரம் துளிர்விடாத, தொழுவத்தில் மாடு இல்லாத நிலைமை அங்கே அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, அதற்குத் தீர்ப்பும் சொல்லவில்லை. எதிரே பேரங்காடி வந்திருக்கலாம், வாடகை ஏறியிருக்கலாம், கடைக்கு முன்னே இருந்த பார்க்கிங்கை எடுத்துவிட்டிருக்கலாம். அதற்கெல்லாம் பாவத்தைத் தேடாதீர்கள்.

ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு நெருக்கமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். மூட வேண்டும் என்று தெரிந்தால், கையில் காசு இருக்கும்போதே மூடுங்கள், எல்லாம் தீர்ந்தபின் மூடினால் கடைசி மாதச் சம்பளம் போய்விடும். ஊழியர்களுக்கு முன்னறிவிப்பு கொடுங்கள். ஓராண்டாவது வேலை செய்தவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பணிநீக்க இழப்பீடு உண்டு: 2 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இபிஎஃப், சொக்சோவை முடித்துவிட்டு, எஸ்எஸ்எம்-இல் தொழிலை நிறுத்தியதை 30 நாளுக்குள் தெரிவியுங்கள். அப்புறம் பாஸ்டரைப் பாருங்கள், அல்லது ஃபாதரை. அதுவரை அவரிடம் மறைத்திருந்தால், அவர் வருத்தப்படுவது அதற்காகத்தான் இருக்கும்.